சிவக்கிற வால்வு நல்ல வால்வு

கேள்வி: சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். இரண்டு ஈ.எல்.84 வால்வு போட்டு, இரண்டும் வேலையைப் பாதிப்பாதியாகப் பங்குபோடும் புஷ்-புல் முறையில் நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். 12 வாட்ஸ் எதிர்பார்த்தேன். 8 ஓம் சுமையில் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலே சத்தம் உடைகிறது, பேஸும் குழைகிறது. சப்ளை 300 வோல்ட். முதல் வால்வின் 7ஆம் பின்னில், அதாவது எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் பிளேட்டில், 292, இரண்டாவதில் 300. எலக்ட்ரான்கள் கிளம்பும் கேத்தோடு இரண்டுக்கும் பொதுவான 130 ஓம் ரெசிஸ்டரில் 8 வோல்ட். விளக்கை அணைத்துப் பார்த்தால் முதல் வால்வின் பிளேட் சிவந்திருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன், அதுவும் சிவக்கிறது. சாக்கெட்டுகள் பழைய ரேடியோவில் கழற்றியவை. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிடலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம் தம்பி, ட்ரான்ஸ்ஃபார்மரில் கை வைக்காதீர்கள். அளவுகளை இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

4.2 வோல்ட்டை 4.2ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 2.2 வாட்ஸ். 12 வாட்ஸுக்கு 9.8 வோல்ட் வர வேண்டும். ஆக, கொஞ்சம் குறைகிறது என்கிற கதை இல்லை இது. ஒரு பாதியே வேலை செய்யவில்லை.

எந்தப் பாதி? 300 காட்டுகிற வால்வு நன்றாக இருக்கிறது, 292 காட்டுகிறதுதான் கெட்டது என்று நினைத்துவிட்டீர்கள். நேர்மாறு. வால்வு கரண்ட் இழுத்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றில் சில வோல்ட் விழுந்தே தீரும். முதல் வால்வு 8 வோல்ட்டை விழ வைத்திருக்கிறது, உழைக்கிறது. இரண்டாவதின் பின்னில் சப்ளை அப்படியே நிற்கிறது என்றால் அது துளியும் இழுக்கவில்லை.

கேத்தோடு கணக்கும் இதையே சொல்கிறது. 8 வோல்ட்டை 130ஆல் வகுத்தால் சுமார் 62 மில்லிஆம்பியர். இரண்டு வால்வும் ஒழுங்காக ஓடினால் 80 இருக்கும், ரெசிஸ்டரில் 10 வோல்ட்டுக்கு மேல் காட்டும். உங்களிடம் அந்த 62ஐயும் ஒரே வால்வு சுமக்கிறது. ஈ.எல்.84 பிளேட் தாங்குவது 12 வாட்ஸ், இது 16 வாட்ஸ் பக்கம் போகிறது. சிவக்காமல் என்ன செய்யும்? கரண்ட் ஒரு பக்கமே ஓடுவதால் ட்ரான்ஸ்ஃபார்மர் இரும்பும் காந்தத்தால் நிறைந்துபோகிறது. பேஸ் குழைவது அதனால்தான்.

கும்பகோணத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை கற்றுக்கொண்டவன் நான். 1980 மகாமகத்துக்கு முந்தின வருஷம், பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஆம்ப்ளிஃபயர் சத்தம் பாதியில் அடங்கிவிட்டது. உள்ளே இரண்டு 6எல்6 வால்வு. ஒன்று சிவந்துகொண்டிருந்தது, அதைப் பிடுங்கப் போனேன். முதலாளி கையைத் தட்டிவிட்டார். “அவன் சும்மா சிவக்கலடா. பக்கத்துல இருக்கிறவன் வேலையையும் சேத்துச் செய்யுறான். அவனப் பாரு” என்றார். பக்கத்து வால்வின் ஸ்கிரீனுக்கு, அதாவது பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலைக்கு, வோல்ட்டேஜ் கொடுக்கிற ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. அது இல்லாமல் வால்வு கரண்ட் இழுக்காது. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் எனக்கு எத்தனையோ முறை உதவியிருக்கிறது.

உங்களுக்கும் அதே இடத்தில்தான் சந்தேகம். முதலில் இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டுங்கள். முதல் சாக்கெட்டே மறுபடி சிவந்தால் வால்வுகள் இரண்டும் நல்லவை, குற்றம் இரண்டாம் சாக்கெட்டில். அங்கே 9ஆம் பின்னை அளந்து பாருங்கள், அது ஸ்கிரீன். சப்ளையை ஒட்டி வர வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் அதற்குப் போகிற ரெசிஸ்டர் உள்ளே அறுந்துவிட்டது. அது சரியாக இருந்தால் 3ஆம் பின், அதாவது கேத்தோடு. முதல் வால்வில் 8 இருக்க இங்கே அதைவிட நன்றாகக் கூடக் காட்டினால் பற்றவைப்பு பிடிக்கவில்லை.

இரண்டுமே சரியா? அப்படியானால் சாக்கெட்டேதான். கடலோரத்து உப்புக்காற்றில் பழைய சாக்கெட்டின் தகடுகள் களிம்பேறித் தளர்ந்துவிடும். கீழே கம்பியில் வோல்ட்டேஜ் இருக்கும், வால்வின் காலுக்கு ஏறாது. சுரண்டிக்கொண்டு உட்காராமல் புதுச் சாக்கெட் போட்டுவிடுங்கள்.

முந்தின கட்டத்திலிருந்து சத்தத்தை வால்வின் கிரிட்டுக்குக் கொண்டுவரும் கப்ளிங் கண்டென்சர் லீக் ஆனாலும் பிளேட் சிவக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்படியானால் கேத்தோடு வோல்ட்டேஜ் ஏறியிருக்கும், உங்களுக்கு இறங்கியிருக்கிறது. இருந்தாலும் 2ஆம் பின், அதாவது கிரிட், பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை, இன்சுலேஷன் பிடியுள்ள கிளிப்பால் சேஸிஸுக்கும் கண்டென்சருக்கும் நடுவே பத்து விநாடி பிடியுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே சோல்டரிங் அயர்ன். ஓடும்போது அளப்பதென்றால் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

கேள்வி: என் வால்வு ஆம்ப்ளிஃபயர் குறுவை நேரத்தில் மட்டும் சோர்ந்துபோகிறது. மும்முனை மின்சாரம் வந்து பம்ப்செட்டுகள் ஓட ஆரம்பித்தால் வீட்டில் 195 வோல்ட்தான். அதனாலா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: பாதி அதனால். 230 போய் 195 ஆனால் உள்ளே எல்லா வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும், வாட்ஸ் அதன் வர்க்கமாக இறங்கும். 12 வாட்ஸ் எட்டரை ஆகும். காதுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது என்றால் பவர் வால்வுகள் தேய்ந்திருக்கும். 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.3தான் கிடைக்கும்போது பழைய வால்வு படுத்துவிடும். நல்ல ஜோடி ஒன்றை இரவல் வாங்கி அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். 195க்குத் தக்கபடி ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றச் சொல்லாதீர்கள், பம்புகள் நின்றதும் வோல்ட்டேஜ் ஏறி வால்வுகளை வாட்டிவிடும். சின்ன ஸ்டெபிலைசர் ஒன்று போதும்.