திருவிழாவுக்கு வந்து காணி வாங்கலாமா?

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு கிழமை லீவில் வருகிறோம். கோயிலுக்குக் கிட்ட நாலு பரப்புக் (கால் ஏக்கர்) காணி ஒன்று இருக்கிறதாம், இப்போது எழுதாவிட்டால் விலை ஏறிவிடும் என்று தரகர் சொல்கிறார். இந்தப் பயணத்திலேயே முடித்துவிடலாமா? (வாசகி ஒருவர், ரொறொன்ரோ)

பதில்: முடிக்காதீர்கள். முற்பணமும் கொடுக்காதீர்கள்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூரின் 25 நாள் திருவிழாவும் ஒன்றாக வருவதால், வருசத்திலேயே அதிகம் வெளிநாட்டுக் காசு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடமாடுவது அந்த ஆடி-ஆவணியில்தான். இங்கே இருப்பவர்கள் ஆடியில் புதுவீடு குடிபுகவும் மாட்டார்கள், காணி பேசுவதைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். ஆக அந்த நேரம் உங்களோடு போட்டிக்கு நின்று விலை கேட்பவரும் உங்களைப் போல விமானத்தில் வந்து இறங்கியவர்தான், உங்கள் ரிக்கற்றில் திரும்பும் திகதி என்ன என்பதும் தரகருக்குத் தெரியும். ஐப்பசி பிறந்து வந்தவர்கள் எல்லாம் திரும்பிய பிறகு அதே காணிக்கு அதே தரகரிடம் உங்கள் அண்ணனையோ மச்சானையோ விட்டு விலை கேட்கச் சொல்லுங்கள்.

விலையை விட எனக்குப் பயம் நிலத்தைப் பற்றித்தான். ஆவணியில் யாழ்ப்பாணத்தில் எந்த வளவும் நல்ல வளவாகத்தான் தெரியும், ஏனென்றால் எல்லாமே காய்ந்து கிடக்கும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் மழை கொட்டியபோது எங்கெங்கே வெள்ளம் நின்றது என்று அந்த ஒழுங்கையில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள், விரலால் காட்டுவார்கள். போன வருசம் தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு காணி பார்க்கப் போனேன். துப்புரவாக்கி, மண் கொட்டி நிரவி, அழகாக இருந்தது. பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு நெடுகப் பழுப்புக் கோடு ஒன்று, அதற்குக் கீழே சுண்ணாம்பு உரிந்துபோய் இருந்தது. வாங்க இருந்தவர் அந்த மதிலைத் திரும்பியும் பார்க்கவில்லை, அவர் கண் முழுக்க முன்வாசல் மாமரத்திலேயே இருந்தது.

ஆனால் ஆவணியில் வருவதில் ஒரு நன்மை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். கிணற்றைப் பார்ப்பதற்கு அதுதான் நல்ல நேரம். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது, கோடை முற்ற அது வற்றி உவர் மேலே வரும். தை மாசத்தில் இனிக்கும் கிணறு ஆவணியில் வாயில் வைக்க முடியாமல் இருக்கலாம். ஆகவே ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பாருங்கள், சவர்க்காரம் நுரைக்கிறதா பாருங்கள். அது பங்குக் கிணறா என்றும், காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம் சட்டம். கனடாக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால் இலங்கையின் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பெயரில் விலைக்கு வாங்கி எழுத முடியாது, இரட்டைக் குடியுரிமை வேண்டும். அதற்காகத் தம்பி பெயரில் எழுதிவிட்டால் காணி தம்பியுடையதுதான், பிறகு அழுது பயனில்லை. காணி பிரிக்கப்படாத பங்காக இருந்தால் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும், இரண்டு கிழமைக்குள் அது ஒழுங்காக நடக்கும் என்று நம்பாதீர்கள். உறுதியின் பிரதியை வாங்கி உங்களுக்குத் தெரிந்த, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலை, மச்சானை அந்த வளவுக்குள் போய் நின்று வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அவருடைய கணுக்காலுக்கு மேலே நின்றால் வேறு காணி பாருங்கள்.