ஒரு கிரவுண்டில் நாலு போர்ஷன்: கட்டுமானச் செலவு, கேள்வி பதில்

தாம்பரம்: சார், கீழே இரண்டு, மேலே இரண்டு என்று வாடகைக்கு நாலு போர்ஷன். மொத்தம் 2400 சதுர அடி. மேஸ்திரி சதுர அடிக்கு 2300 ரூபாய் ரேட் சொல்கிறார், 55 லட்சத்து 20 ஆயிரம் வருகிறது. கையில் 60 லட்சம் இருக்கிறது. போதுமா?

பதில்: அந்த 2300 எந்த மாதிரி வீட்டுக்கு என்று முதலில் கேளுங்கள். ஒரே குடும்பம் இருக்கும் 2400 சதுர அடி வீட்டில் ஒரு சமையலறை, மூன்று பாத்ரூம். உங்களுக்கு நாலு சமையலறை. பாத்ரூம் குறைந்தது நாலு, அட்டாச்டு வேண்டுமென்றால் எட்டு. காசைத் தின்பது ஹால் அல்ல, தண்ணீர் புழங்கும் இடம்.

5க்கு 7 பாத்ரூமுக்குச் சுற்றளவு 24 அடி. 7 அடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் 168 சதுர அடி. கதவைக் கழித்தால் 150, தரைக்கு 35, வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம். ஆக 35 சதுர அடி இடத்துக்கு 200 சதுர அடிக்கு மேல் டைல்ஸ் போகிறது. க்ளோசெட், டைவர்ட்டர், கீசர் பாயின்ட், வாட்டர்ப்ரூஃபிங், கதவு எல்லாம் அதற்கு மேல். ஹாலில் அதே 35 சதுர அடிக்குத் தரை டைல்ஸோடு முடிந்தது.

அதனால் கணக்கை மூன்றாகப் பிரியுங்கள். கூடு (தூண், சுவர், ஸ்லாப்) தனி, ஒவ்வொரு போர்ஷனின் சமையலறை, பாத்ரூம், கதவு, வயரிங் தனி, வெளிவேலை தனி. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, போர், மீட்டர் போர்டு, பிளான் அப்ரூவல் கட்டணம், கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி, இவையெல்லாம் பெரும்பாலும் மேஸ்திரி ரேட்டுக்கு வெளியேதான் நிற்கும். கூட்டிப் பார்த்தால் உங்கள் கையிருப்பு மீதமான 4 லட்சத்து 80 ஆயிரம் இதற்கே பற்றாது. மேல் செலவுக்குப் பத்து சதவீதம் எடுத்து வைக்காமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாதீர்கள்.

சரிபார்க்க ஒரு தோராயம்: கம்பி சதுர அடிக்கு மூன்றரை முதல் 4 கிலோ, சிமென்ட் 0.4 மூட்டை. உங்கள் கட்டடத்துக்கு எட்டரை முதல் ஒன்பதரை டன், ஆயிரம் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் (கம்பி, கான்கிரீட் அளவுக்கு இன்ஜினியர் போடும் வரைபடம்) கைக்கு வந்ததும் இந்தத் தோராயத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கோவை: பாத்ரூமை எங்கே வைத்தால் செலவு குறையும்?

பதில்: இரண்டு போர்ஷன் பாத்ரூமும் ஒரே டக்டை (குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் சந்து) பார்த்தபடி, மாடியில் அதே இடத்துக்கு நேர் மேலே. குழாய் நீளம் குறையும். ஆள் உள்ளே நுழையும் அளவு டக்ட் விட்டால் குடித்தனக்காரர் கதவைத் தட்டாமலே ரிப்பேர் பார்க்கலாம். சங்கன் ஸ்லாபில் (குழாய் போடுவதற்காகப் பாத்ரூம் தரையில் இறக்கிப் போடும் ஸ்லாப்) செங்கல் ஜல்லியைக் கொட்டி மூடினால் அது தண்ணீரைக் குடித்துக் கீழ்வீட்டுச் சீலிங்கில் கக்கும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸுக்கு முன்னால், 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள்.

ஓசூர்: அண்ணா, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: தாம்பரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: நான் கான்ட்ராக்டர். ஆளைப் பயமுறுத்துகிறீர்கள். ஐட்டம் ரேட், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை, போட்டால் ஓனர் தினமும் டேப்போடு வந்து நிற்கிறார். சதுர அடி ரேட்டில் கூடுதல் குறைச்சல் என் தலையில்தானே விழுகிறது?

பதில்: விலை ஏறினால் உங்கள் தலையில் விழும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதைச் சதுர அடி என்கிறீர்கள்? பால்கனி முழுசா, பாதியா? மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம்? பார்க்கிங்?

சேலம்: பால்கனி பாதி. எல்லாரும் அப்படித்தான்.

மதுரை: எல்லாரும் எங்கே? எங்களிடம் போர்ட்டிகோவுக்கே முழு ரேட் வாங்கினார்கள். சம்ப்புக்கு லிட்டர் கணக்கில் தனி.

சேலம்: அக்ரிமென்டில் எழுதாமல் விட்டது யார் தப்பு?

பதில்: எழுதத்தான் சொல்கிறேன். கூடும் பூச்சும் சதுர அடி ரேட்டில் இருக்கட்டும், பரப்பை அளக்கும் முறை முதல் பக்கத்தில் வரட்டும். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய், வயர், குழாய், சுவிட்ச் எந்தக் கம்பெனி, கதவு என்ன மரம் என்பதெல்லாம் இணைப்பில். ‘நல்ல தரம்’ என்று மட்டும் எழுதிய அக்ரிமென்ட் செல்லாக்காசு. பில்லில் கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை ஓனர் பிடித்து வைக்கட்டும்.

சேலம்: 5 சதவீதம்தான் சார் எங்கள் லாபமே!

பதில்: அப்படியானால் நீங்கள் சொல்லும் ரேட்டே தப்பு.

திருச்சி: கம்பி எடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கம்பியின் விட்டத்தை எம்.எம்.மில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 12 மீட்டர் கம்பி என்றால் 8 எம்.எம். 4.74 கிலோ, 12 எம்.எம். 10.67, 16 எம்.எம். 18.96. 8 எம்.எம்.முக்கு 7 சதவீதமும், 12க்கும் 16க்கும் 5 சதவீதமும் ஏற இறங்க, கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 அனுமதிக்கிறது. எண்ணி வாங்குவதைவிட எடை மேடைச் சீட்டோடு வாங்குங்கள். எம்-சாண்டுக்கும் இதே கதை: யூனிட் என்றால் 100 கன அடி. லாரித் தொட்டியை அளக்காமல் ‘மூன்று யூனிட்’ என்பதை நம்பாதீர்கள்.

விருதுநகர்: கரிசல் மண். அஸ்திவாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: மண் பரிசோதனை ரிப்போர்ட் வராமல் ஒரு எண்ணும் சொல்ல முடியாது.

தஞ்சாவூர்: தரையோடு மூன்று தளம், ஆறு வீடு. லிஃப்ட் வைக்கலாமா?

பதில்: குழி, மெஷின், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாரும் எண்ணுவதுதான். எண்ணாமல் விடுவது பொது மீட்டர், அதாவது எல்லா வீட்டுக்கும் பொதுவான மின்சாரத்துக்கு ஓடும் மீட்டர். 10 வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023 அக்டோபரில் தமிழக அரசு குறைத்தது. லிஃப்ட் வந்தால் அந்தச் சலுகை போகும். ஆறு வாடகை வீட்டுக்கு நான் வைக்கமாட்டேன்.

வேலூர்: பட்டாவில் பெரியப்பா பெயரும் இருக்கிறது...

பதில்: வக்கீலைப் பாருங்கள்.

கடலூர்: 40 லட்சம் லோன், 9 சதவீதம். கட்டி முடிக்கும்வரை வட்டி எவ்வளவு சேர்ப்பது?

பதில்: கட்டம் கட்டமாகப் பணம் வருவதால் சராசரி 20 லட்சம் வெளியே நிற்கிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். வேலை ஆறு மாதம் இழுத்தால், முழுத் தொகையும் வாங்கியிருப்பீர்கள் என்பதால், அந்த ஆறு மாதத்துக்கே இன்னொரு 1 லட்சத்து 80 ஆயிரம். வாடகை வரவும் அத்தனை மாதம் தள்ளும். அப்ரூவல் பிளானில் மூன்று வீடு காட்டிவிட்டு ஐந்து கட்டினால் அடுத்த தவணையை பேங்க் நிறுத்தலாம்.

நாமக்கல்: 2025 ஜூனில் வாங்கிய கொட்டேஷன். இப்போது செல்லுமா?

பதில்: திருப்பிக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதம். பழைய வரியில் போட்ட விலைக்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

ஈரோடு: சார், எல்லாம் சரி, சதுர அடிக்கு ஒரு நம்பர் மட்டும்...

பதில்: எத்தனை பாத்ரூம், எத்தனை சமையலறை? அதை எழுதுங்கள், பேசலாம்.