வேனுக்குள் ஃப்ரிட்ஜ்: பேட்டரிக்கு முன்னால் யூனிட் கணக்கு

கோவை வாசகர் ஒருவர் பழைய டிராவலர் வேன் வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பு மேடையும் போட்டிருக்கிறார். அக்டோபரில் குடும்பத்தோடு இமாசலப் பிரதேச மலைப்பகுதியான ஸ்பிதி வரை போகத் திட்டம். "வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டு, 190 லிட்டர் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிடலாமா? அம்மாவின் இன்சுலின் கெடக்கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பும் ஓட வேண்டும்" என்று கேட்கிறார்.

ஏற்ற வேண்டாம். இதில் ஃப்ரிட்ஜைவிட இன்வெர்ட்டர்தான் பெரிய தொல்லை. ஃப்ரிட்ஜுக்காக அது ராத்திரி பகலாக விழித்திருக்க வேண்டும். வெறுமனே இருப்பதற்கே 20 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு அரை யூனிட் போச்சு. ஒரு நல்ல 40 லிட்டர் டி.சி. கம்ப்ரெஸர் ஃப்ரிட்ஜ் நம் ஊர் வெயிலிலேயே கிட்டத்தட்ட அவ்வளவில் ஒரு நாள் ஓடிவிடும். அது 12 வோல்ட்டில் நேராக ஓடுவதால் நடுவில் இன்வெர்ட்டர் தேவையில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கம்ப்ரெஸர் இல்லாத 'கூலர் பாக்ஸ்' பக்கம் போகாதீர்கள். வெளியே இருப்பதைவிட 20 டிகிரி குறைத்தாலே அதற்குப் பெரிய காரியம். வேனுக்குள் 40 டிகிரி என்றால் இன்சுலின் 20 டிகிரியில் கிடக்கும்.

உங்கள் டியூபுலர் பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல். பெயருக்கு 3.6 யூனிட், ஆயுள் குறையாமல் எடுக்க முடிவது அதில் பாதி. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேறு வெளிவிடும். அதன் பக்கத்தில் தூங்குவது ஆபத்து. 200 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போதும், அதில் 2 யூனிட் தைரியமாக எடுக்கலாம். ஃப்ரிட்ஜுக்கு அரை, விளக்கு, ஃபேன், போன், லேப்டாப், ஐந்து நிமிட மிக்ஸி எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை. ஆக, வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். மிக்ஸிக்கு மட்டும் சின்ன இன்வெர்ட்டர் வைத்து, அரைத்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். இண்டக்‌ஷனை விட்டுவிடுங்கள்: 1500 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேஸ் அடுப்பே நல்லது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

கூரையில் 200 வாட் பேனல் இரண்டு போட்டால், படுக்கைவாட்டில் கிடப்பதும் சூடாவதும் போக, நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட் எதிர்பார்க்கலாம். மழை நாளுக்கு, வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு அளவோடு ஏற்றும் டி.சி-டி.சி. சார்ஜர்: 30 ஆம்பியர் என்றால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் முக்கால் யூனிட் ஏறும். அது இல்லாமல் லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காதீர்கள், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

அப்புறம் வயர். பெரும்பாலான வேன்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ஒருவர் புது ஃப்ரிட்ஜ் ராத்திரியானால் நின்றுவிடுகிறது என்று வேனைக் கொண்டுவந்தார். பேட்டரியில் மீட்டர் 12.1 வோல்ட் காட்டியது. கம்ப்ரெஸர் கிளம்பும் நேரம் பார்த்து ஃப்ரிட்ஜ் முனையில் வைத்தேன்: 10.3. மெல்லிசு வயர், நடுவில் சிகரெட் லைட்டர் சாக்கெட், அதன் முனை தொட முடியாத சூடு. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தானே நின்றிருக்கிறது. சாக்கெட்டை எடுத்துவிட்டு 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரை நேராக இழுத்தோம், சரியாகிவிட்டது. பிளஸ் வயரில் ஃப்யூஸை பேட்டரியை ஒட்டியே போடுங்கள்.

ஸ்பிதிக்கு இன்னும் இரண்டு விஷயம். அங்குள்ள காஸா ஊரில் அக்டோபர் இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் லித்தியத்தை சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளேயே இருந்து அதைக் காக்கும் சர்க்யூட்) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், பேட்டரியைப் படுக்கைக்கு அடியில் வையுங்கள். இன்னொன்று, டி.சி. ஃப்ரிட்ஜ்கள் பல மைனஸ் 18 வரை இறங்கக்கூடியவை. இன்சுலின் ஒருமுறை உறைந்தால் அது வீண், உருகினாலும் போடக்கூடாது. 5 டிகிரியில் செட் செய்து, மருந்தை டப்பாவில் போட்டு, குளிர்த்தட்டில் படாமல் நடுவில் வையுங்கள். கிளம்பும் முன் இரண்டு நாள் வீட்டு வாசலிலேயே ஓட்டி, அந்த டப்பாவுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக் காலையும் மதியமும் பாருங்கள். 2-க்கும் 8-க்கும் இடையில் நின்றால் கிளம்பலாம்.