சுவர்ணலதாவின் பால்கனி

அன்புள்ள அக்காவுக்கு,

வங்க எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் ‘முதல் சபதம்’, ‘சுவர்ணலதா’, ‘பகுல் கதை’ என்ற மூன்று தொடர் நாவல்களையும் படித்து முடித்துவிட்டு அவரைப் பற்றித் தேடினேன். பள்ளிக்கூடமே போகாதவர், 15 வயதில் கல்யாணம், கடைசிவரை குடும்பத்தலைவி. அப்படியென்றால் சுவர்ணலதா அவர்தானே? ஆனால் ஒன்று இடிக்கிறது. கதையில் சத்யவதி வீட்டைவிட்டே வெளியேறுகிறாள். எழுதியவரோ வீட்டோடு இருந்துவிட்டார். தன்னால் முடியாததைத்தான் கதையில் எழுதிக்கொண்டாரா?

ஒரு வாசகி, கரூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

சுவர்ணலதா ஆஷாபூர்ணா இல்லை என்றே நினைக்கிறேன். சத்யவதி, அவள் மகள் சுவர்ணலதா, பேத்தி பகுல் என்ற அந்த வரிசையில் அவர் நிற்கும் இடம் வேறு.

முதலில் படிப்பைப் பார்ப்போம். 1909-ல் கல்கத்தாவில் ஒரு கூட்டுக்குடும்பத்தில் பிறந்தவர் அவர். பாட்டி சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். பள்ளிக்குப் போனால் பெண்களுக்கு வாய் நீண்டுவிடும் என்பது பாட்டியின் கட்சி. சகோதரர்கள் பாடம் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தே சிறுமி எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததால் எழுத்துகள் அவளுக்கு முதலில் தலைகீழாகத்தான் பழகின.

இந்த ஒரு விவரத்தை என்னால் கடந்துபோகவே முடிந்ததில்லை. புத்தகம் வேறு யாருக்காகவோ விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே உட்கார்ந்தவள் அதைத் தனக்குரியதாக்கிக்கொள்கிறாள். கதையில் சத்யவதியும் யாரும் சொல்லித்தராமல்தான் எழுதப் பழகுகிறாள். இது நேராக வாழ்க்கையிலிருந்து வந்தது. அந்தப் பாட்டியும் கதைக்குள் வந்திருக்கிறாள். இந்த நாவல்களில் பெண்ணைக் கட்டிப்போடும் கை பெரும்பாலும் இன்னொரு பெண்ணுடையதுதான். ஆண்கள் பாதி நேரம் கோழைகள். சத்யவதி ஏன் வெளியேறுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். பெதூன் பள்ளியில் படிக்கும் மகளுக்கு, ஒன்பதே வயதில், தாய்க்குத் தெரியாமல் மாமியார் எலோகேசி கல்யாணத்தை முடித்துவிடுகிறாள். கணவன் அதற்கு உடந்தை.

ஆனால் ஆஷாபூர்ணாவின் கணவர் காளிதாஸ் குப்தா அப்படிப்பட்டவர் இல்லை. மனைவி எழுதுவதை ஆதரித்தவர். பிறந்த வீட்டில் அம்மா சரளாசுந்தரிக்குப் புத்தகம் என்றால் உயிர். பெற்றோர் தனிக்குடித்தனம் வந்த பிறகு அம்மாவுக்கு வரும் பத்திரிகைகளையும் நூலகப் புத்தகங்களையும் மகள்களும் படித்தார்கள். ஆஷாபூர்ணாவும் தங்கையும் சேர்ந்து ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதம் போட்டார்கள்: உங்கள் கையால் எங்கள் பெயரை எழுதி ஒரு பதில் அனுப்புங்கள் என்று. பதில் வந்தது! 1922-ல், 13 வயதில், ஒரு சிறுவர் பத்திரிகையில் அவருடைய முதல் கவிதை அச்சானது. அதன் தலைப்பு ‘வெளியிலிருந்து அழைப்பு’.

இதெல்லாம் சுவர்ணலதாவுக்குக் கிடைக்காதவை. புது வீட்டில் தெருவைப் பார்க்க ஒரு பால்கனி வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். வைத்தாயிற்று என்று கணவன் பிரபோத் கூசாமல் பொய் சொல்கிறான். குடிபோன அன்று அவள் அறை அறையாக நுழைந்து தேடுகிறாளே, அந்தப் பக்கங்களை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். என் பாட்டியின் ஊரில் திண்ணை ஆண்களுடையது. சாமி புறப்பாடு அன்றைக்கு மட்டும் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் ஜன்னல் கம்பிதான். பால்கனி என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘முதல் சபதம்’ 1964-ல் வந்தபோது ஆஷாபூர்ணாவுக்கு 55 வயது. அதற்குள் எத்தனையோ கதைகள் எழுதியிருந்தார், அதுவும் வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு. அடுத்த பாகங்கள் 1967-லும் 1974-லும் வந்தன. 1976-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். விருதை விடுங்கள், அந்த 55 வயதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பாட்டி, அம்மா, தான் என்று மூன்று தலைமுறையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. தனக்குக் கிடைத்தது முந்தையவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற கடன் அவரை உறுத்தியிருக்க வேண்டும். இது என் வாசிப்புதான், நீங்கள் மறுக்கலாம்.

ஆகவே ‘தன்னால் முடியாததை எழுதிக்கொண்டார்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தார், சரி. ஆனால் அந்த வீட்டுக்குள் நடந்ததை வேறு யாரும் வரலாறாக எழுதிவைக்கவில்லை. அடுக்களையில் யார் எப்போது சாப்பிட்டார்கள், எந்தப் பேச்சுக்கு யார் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அங்கேயே இருந்தவருக்குத்தான் தெரியும்.

சுவர்ணலதா ஒளித்து ஒளித்து எழுதியது ஒருநாள் மட்டமான அச்சில் புத்தகமாகி வீட்டுக்கு வருகிறது. குடும்பமே சிரிக்கிறது. அவள் எல்லாவற்றையும் எரித்துவிடுகிறாள். அவளுடைய மகள் பகுல்தான் பின்னால் எழுத்தாளராகிறாள். இப்போது ‘முதல் சபதத்’தின் தொடக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். சத்யவதியின் கதை தான் எழுதியது இல்லை, பகுலின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்கிறார் ஆஷாபூர்ணா.

அன்புடன்,
அக்கா