சீமந்தம், பூணூல், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம்: உங்க கேள்விக்கு பதில்

கேள்வி: அண்ணா, அப்பா 1966 ஆவணி, கேட்டை நட்சத்திரம். அறுபதாம் கல்யாணம் 59 முடிஞ்சதுமா, 60 முடிஞ்சதுமா? திருக்கடையூர்லதான் பண்ணணுமா?

பதில்: 60 முடிஞ்சு 61 தொடங்குறப்ப. தமிழ் வருஷம் மொத்தமே 60தான், அது ஒரு சுத்து முடிஞ்சு அப்பா பொறந்த அதே பராபவ வருஷம் 2026 சித்திரைல வருது, அந்த வருஷ ஆவணில கேட்டை என்னிக்கு வருதுன்னு பஞ்சாங்கத்துல பாருங்க, ஆபீஸ் சர்டிபிகேட்ல இருக்கற பர்த்டே இதுக்கு உதவாது. 59 முடிஞ்சு பண்றது உக்ரரத சாந்தி, அது வேற. 70க்கு பீமரத சாந்தி, 80 தாண்டி ஆயிரம் பிறை பாத்தவங்களுக்கு சதாபிஷேகம்.

திருக்கடையூர் மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனை உதைச்ச தலம், அதனாலதான் ஆயுள் ஹோமத்துக்கு அங்க அவ்ளோ கூட்டம். கட்டாயம்லாம் இல்ல. முகூர்த்த நாள்ல போனா எந்த பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமா தாத்தா பாட்டிங்கதான், நம்ம ஹோமம் எதுன்னே தேடணும். அப்பாவுக்கு முட்டி வலின்னா வீட்டுலயே பண்ணுங்க.

கேள்வி: வளைகாப்பும் சீமந்தமும் ஒண்ணுதானே? அம்மா 7ம் மாசம்ங்கறாங்க, மாமியார் 9ங்கறாங்க.

பதில்: ஒண்ணு இல்லம்மா, ஒரே நாள்ல சேத்து பண்றதால அப்படி தோணுது. சீமந்தம் பதினாறு சம்ஸ்காரத்துல (வாழ்க்கைச் சடங்குகள்ல) ஒண்ணு, புருஷன் மந்திரம் சொல்லி முள்ளம்பன்றி முள்ளால பொண்டாட்டிக்கு வகிடு எடுக்கணும். வளைகாப்புக்கு மந்திரமே வேணாம், முழுக்க பொம்பளைங்க ராஜ்ஜியம், 5, 7, 9னு ஒத்தைப்படை மாசத்துல கண்ணாடி வளையல் அடுக்கி சந்தனம் பூசி கலவை சாதம் போட்டு பொறந்த வீட்டுக்கு கூட்டிட்டு போவாங்க. 9ல ரொம்ப தூரம் பிரயாணம்னா டாக்டரை கேளுங்க, நான் உங்கம்மா கட்சி.

கேள்வி: பையனுக்கு 8 வயசு. பூணூலை கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டா போதும்ங்கறார் என் வீட்டுக்காரர்?

பதில்: நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, எனக்கு பிடிக்காது. கர்ப்பத்துல இருந்து எண்ணி பிராமண பையனுக்கு 8, மத்த ரெண்டு வர்ணத்துக்கு 11, 12னு வீட்டுச் சடங்கு முறையைச் சொல்ற கிருஹ்ய சூத்திரங்கள்ல இருக்கு, பிராமண பையனுக்கு 16 வரைக்கும் தள்ளலாம்னு சலுகையும் உண்டு. நூல் வெறும் அடையாளம், பட்டுத்துணிக்குள்ள அப்பா காதுல சொல்ற காயத்ரிதான் விஷயம், அங்கதான் படிப்பு தொடங்குது. முந்தின நாள் அதை ஆரம்பிச்சு, படிச்சு முடிச்சேன்னு சமாவர்த்தனமும் பண்ணி, மறுநாள் தாலி கட்டினா அவன் எப்ப சார் படிச்சான்?

கேள்வி: காதுகுத்துக்கு என் கூடப்பொறந்த தம்பி இல்ல, யார் மடி?

பதில்: உங்க சித்தப்பா, பெரியப்பா பையன் யாராச்சும். அவரும் தாய்மாமன் முறைதான். தாய்மாமன் மடிங்கறது நம்ம ஊர் வழக்கம், சாஸ்திரம் கேட்டது இல்ல.

கேள்வி: பொண்ணு வயசுக்கு வந்துட்டா, சடங்கு வேணாம்னு அழறா. ஊர்ல பேசுவாங்களே?

பதில்: இது அந்த பதினாறு சம்ஸ்காரத்துல சேராது, தாய்மாமன் பச்சை ஓலைல குச்சு கட்டி, மஞ்சள் தண்ணி ஊத்தி வீட்டோட நடந்தது. பிளெக்ஸ் பேனர்லாம் இப்ப வந்தது, போட்ட மொய்யை திருப்பி வாங்கணும்னுதான் பாதி பேர் மண்டபம் பிடிக்கறாங்க. அழற புள்ளைய மணையில உக்கார வைக்காதீங்க. வீட்டுல தலைக்கு ஊத்தி, உளுந்தங்களி கிண்டி குடுங்க, மாமன் சீர் புடவைய நேர்ல வந்து குடுத்துட்டு போகட்டும்.