வாசகர் கேள்வி – பதில்: தொண்டு நிறுவனத்துக்கு மூன்றாண்டுத் திட்டம் எதற்கு?

கேள்வி: ஒன்பது கிராமங்களில் மாலை நேரப் பாட மையம் நடத்துகிறோம். மரக்கன்று நடுவதற்கு ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தர முன்வந்திருக்கிறது. “வருகிற பணத்தை ஏன் விட வேண்டும்?” என்கிறார் ஒரு டிரஸ்டி. எங்களைப் போன்ற சிறிய டிரஸ்ட்டுக்கும் வியூகத் திட்டமெல்லாம் தேவையா?
— வாசகர், நத்தம்

பதில்: சிறிய டிரஸ்ட்டுக்குத்தான் அதிகம் தேவை. பொருந்தாத ஒரு புராஜெக்டைப் பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும், உங்களால் முடியாது. இந்த மாதிரி நிதி பெரும்பாலும் மார்ச்சுக்குள் செலவழிக்கச் சொல்லி வரும். கன்று நட ஏற்றதோ ஐப்பசி மழைக்காலம். நட்ட பிறகு இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு மேயாமல் வேலி போட வேண்டும், பட்டுப்போன கன்றை மாற்ற வேண்டும். நிதி நின்ற பின் இதையெல்லாம் பார்க்கப்போவது உங்கள் மைய மேற்பார்வையாளர்தான். அவர் மையங்களுக்குப் போகும் நாள் குறைந்தால் அதன் பலன் பிள்ளைகளின் வருகையில் தெரியும்.

புது வேலையே கூடாது என்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது அதன் இலக்கு. கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸ், இறக்குமதி விலையில் ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸையும் தாங்களே தயாரித்தார்கள். மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இலக்குக்குக் குறுக்கே நின்ற தடையை அது அகற்றியது, அதுதான் சம்பந்தம். மரக்கன்று உங்கள் பிள்ளைகளின் படிப்பில் எந்தத் தடையை அகற்றுகிறது என்று டிரஸ்டியிடம் கேளுங்கள்.

அதே கம்பெனியிடம் பாட மையத்துக்கே நிதி கேட்டுப் பாருங்கள். கல்வியும் சிஎஸ்ஆர் பட்டியலில் உள்ளதுதான். தொடங்கும் நிதியாண்டு போக, மேலும் 3 நிதியாண்டு வரை நீளும் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ளவும் விதியில் இடமுண்டு. கையில் மூன்றாண்டுத் திட்டம் இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும்.

கேள்வி: திட்டத்தை எப்படித் தயாரிப்பது? ஆலோசகர் வைக்க வசதியில்லை.
— வாசகி, பெரம்பலூர்

பதில்: ஆலோசகர் இல்லாமலே செய்யலாம். இரண்டு நாள் கூட்டம் போதும், ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் தகவல் திரட்ட வேண்டும். வெறுங்கையோடு உட்கார்ந்தால் இரண்டு நாளும் ‘விஷன்’ வாசகத்தைத் திருத்துவதிலேயே போய்விடும்.

திரட்ட வேண்டியவற்றில் முதலாவது, ஒவ்வொரு வேலையின் முழுச் செலவு. எடுத்துக்காட்டாக ஒரு பாட மையத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு மாதம் 4,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 48,000. நோட்டு, புத்தகம் 6,000. பலரும் இந்த 54,000 ரூபாயோடு நிறுத்தி, அதையே நன்கொடையாளரிடம் கேட்கிறார்கள். மேற்பார்வையாளர் சம்பளத்திலும் பெட்ரோலிலும் அந்த மையத்தின் பங்கு 18,000, அலுவலக வாடகை, கணக்கர், தணிக்கை ஆகியவற்றில் பங்கு 12,000 என்று வையுங்கள். உண்மைச் செலவு 84,000. மையத்துக்கு 30,000 வீதம், ஒன்பது மையம் நடத்தினால் ஆண்டுக்கு 2,70,000 ரூபாய் துண்டு விழும். நிதி முழுதாக வந்தும் சம்பளம் தள்ளிப்போவது ஏன் என்று குழம்பும் நிறுவனங்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் விடுபட்டிருக்கும்.

அடுத்து, பயனாளிகளில் 25 பேரிடமாவது பேசுங்கள். அதில் எட்டுப் பத்துப் பேர் பாதியில் நின்றவர்களாக இருக்கட்டும். தொடர்ந்து வருபவர்கள் நன்றியோடு பேசுவார்கள், குறை தெரிவது நின்றவர்களிடம்தான்.

கூட்டத்தில் டிரஸ்டிகளோடு களப்பணியாளர்களும் உட்கார வேண்டும். மூன்றுக்கு மேல் இலக்கு வேண்டாம். ‘கல்வித் தரத்தை உயர்த்துதல்’ என்பதெல்லாம் டிரஸ்ட் பத்திரத்துக்குச் சரி, திட்டத்துக்கு உதவாது. ‘ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தடையின்றி வாசிப்பவர் இன்று 100க்கு 40, மூன்றாம் ஆண்டு முடிவில் 75’ என்று எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே பொறுப்பாளர் பெயர், ஆண்டுச் செலவு, பணம் வரும் வழி. வழி தெரியாத தொகையை ‘திரட்ட வேண்டியது’ என்று தனியாகக் காட்டுங்கள். எதையெல்லாம் நிறுத்தப்போகிறோம் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெரும்பாலான திட்டங்களில் அந்தப் பக்கம் இருப்பதே இல்லை, அதனால்தான் பழைய வேலைகளின் மேல் புது வேலைகள் ஏறி ஆட்கள் ஓய்ந்துபோகிறார்கள்.

மொத்தம் எட்டுப் பக்கம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரஸ்டி கூட்டத்தில் முதல் பொருளாக அதை எடுங்கள். கடைசிப் பொருளாக வைத்தால் டீ வந்ததும் கூட்டம் கலைந்துவிடும்.

கேள்வி: ஆறு மாதச் சம்பளத்துக்காவது கையிருப்பு வேண்டும் என்று நினைக்கிறோம். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்கிறார் ஆடிட்டர்.
— வாசகர், விருதுநகர்

பதில்: அவர் சொல்வது வருமான வரிச் சலுகைக்கான நிபந்தனை. 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே ஒதுக்கலாம், அதை ஆண்டுதோறும் விடாமல் சேருங்கள். அதற்கு மேல் சேர்க்கவும் வழியுண்டு. குறிப்பிட்ட நோக்கத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 5 ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். ‘டிரஸ்ட்டின் நோக்கங்களுக்காக’ என்று பொதுவாக எழுதினால் சிக்கல் வரும். ‘பயிற்சிக் கூடம் கட்ட’ என்பதுபோல் திட்டவட்டமாக இருக்க வேண்டும், அந்தக் கட்டடம் உங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி பெற்றால் அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 2020 திருத்தத்துக்கு முன் அது 50 சதவீதமாக இருந்தது, பழைய பட்ஜெட் மாதிரியை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனர் அம்மாவுக்கு வயது 68. எல்லாம் அவர் கையில்தான். இதைத் திட்டத்தில் எப்படி எழுதுவது?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: ‘இரண்டாம் கட்டத் தலைமையை உருவாக்குதல்’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். முதல் ஆறு மாதத்துக்குச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரியுங்கள். வங்கியில் கையெழுத்திட இன்னும் இருவரைச் சேர்ப்பது. வருமான வரி, தர்பன் (தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் அரசுத் தளம்) ஆகிய தளங்களின் ஓடிபி எந்த செல்போனுக்கு வருகிறது என்று பட்டியலிடுவது, அது அம்மாவின் சொந்த எண்ணாக இருந்தால் அலுவலக எண்ணுக்கு மாற்றுவது. முக்கிய நன்கொடையாளர் ஒவ்வொருவரையும் அம்மாவோடு இன்னொருவரும் போய்ச் சந்திப்பது. இதை அம்மாவிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் திடீரென்று எடுக்காதீர்கள். பொறுப்பாளர்கள் மாறும்போது சொசைட்டியாக இருந்தால் பதிவாளருக்கும், வெளிநாட்டு நிதி அனுமதி இருந்தால் உள்துறை அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதிகளையும் திட்டத்திலேயே குறித்துவிடுங்கள்.