பள்ளி நூலகத்தில் ‘மாஸ்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மாஸ்’ என்ற கிராஃபிக் நாவலைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். புரட்டிப் பார்த்தபோது, தூக்கில் தொங்கும் உடல்கள், ஒரு தாயின் தற்கொலை என மனத்தைக் கலங்கடிக்கும் படங்கள் கண்ணில் பட்டன. இவற்றை எழுத்தில் படிப்பதும் படமாகப் பார்ப்பதும் ஒன்றாகுமா? பள்ளி நூலகத்தில் இத்தகைய நூல்களை வைக்கலாமா?

பதில்: ஒன்றாகாது, உங்கள் கலக்கம் நியாயமானது. எழுத்தில் வரும் கொடுமையைப் படிப்பவர் தம் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற அளவிலேயே கற்பனை செய்துகொள்கிறார். படமோ பக்கத்தைத் திருப்பிய கணத்திலேயே முழுதாகக் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. ஆயினும், எட்டாம் வகுப்பு மாணவர்கள் புழங்கும் நூலகத்தில் ‘மாஸ்’ இருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அதற்கான காரணமும் அந்தப் படங்களிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி யூதர்களை அடைத்துக் கொன்ற ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்மீண்ட தம் தந்தை விளாடெக் சொன்னவற்றை வைத்து ஸ்பீகல்மேன் உருவாக்கிய நூல் இது. 1986லும் 1991லும் இரண்டு பாகங்களாக வெளிவந்து, 1992இல் சிறப்பு புலிட்சர் விருதைப் பெற்றது. யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் அவர் வரைந்திருக்கிறார். போலந்தின் சோஸ்னோவிட்ஸ் நகரில், கள்ளச்சந்தையில் பொருள் விற்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட யூதர்களைப் பற்றித் தந்தை நினைவுகூரும் பக்கத்தில் நாம் காண்பது எலி முகங்களைத்தான். நடந்தது எதையும் மறைக்காமல், அதே நேரத்தில் ஒரு சிறுமி தாங்கக்கூடிய தொலைவில் அதை நிறுத்திக் காட்டுகிறது அந்த முகமூடி. தாயின் தற்கொலையைச் சொல்லும் நான்கு பக்கங்களில் மட்டும் முகமூடி விலகி, மனித முகங்கள் வருகின்றன. முகாமிலிருந்து உயிர்தப்பிய பிறகும் அந்தக் குடும்பத்தின் துயரம் முடியவில்லை என்பதை உங்கள் மகள் அங்கேதான் உணர்வாள். அந்தப் பக்கங்களை அவள் தனியாகப் படிக்காமல் நீங்களும் உடன் அமர்ந்து படிப்பது நல்லது.

2022 ஜனவரி 10 அன்று, டென்னசி மாநிலத்தின் மெக்மின் கவுண்டி பள்ளி வாரியம் இந்நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. உறுப்பினர்கள் பத்துப் பேரும் ஒருமனதாக வாக்களித்தனர். சில வசைச் சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்த நிர்வாணப் படம், குளியல் தொட்டியில் இறந்துகிடக்கும் தாயைக் காட்டும் சின்னஞ்சிறு கட்டம். அதில் ஆபாசத்தைக் காண்பதற்கு என்ன இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் இடம்பெறும் நூலை வகுப்பு முழுவதும் படித்தாக வேண்டும் என்பதால், தன் பிள்ளைக்கு மாற்று நூல் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. நூலகத்தில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. என் மகள் இதைப் படிக்க வேண்டாம் என்று ஒரு தாய் சொல்லலாம். எந்தத் தாயின் மகளும் படிக்கக் கூடாது என்று அவரால் சொல்ல முடியாது.

கேள்வி: அப்படியானால் எந்தப் படக்கதையையும் எந்த வயதுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. தொடக்கப்பள்ளி நூலகத்துக்கு நான் ‘மாஸ்’ நூலைப் பரிந்துரைக்க மாட்டேன். 2013இல் சிகாகோ பள்ளி நிர்வாகம், ஈரானியப் புரட்சிக் காலத்தில் வளர்ந்த மர்ஜான் சத்ரபி தம் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் ‘பெர்செபோலிஸ்’ நூலை, சித்திரவதைக் காட்சிகளைக் காரணம் காட்டிப் பள்ளிகளிலிருந்து அகற்ற முற்பட்டது. மாணவர்களே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் ஏழாம் வகுப்பில் அதைப் பாடமாக நடத்த வேண்டாம், நூலகங்களில் இருக்கலாம் என்று நிர்வாகம் விளக்கமளித்தது. வயதைக் கணக்கில் கொண்டு, அலமாரியைக் காலி செய்யாத அந்த முடிவு எனக்கு ஏற்புடையதே. முதலில் பிறப்பித்த உத்தரவுதான் தவறு.

கேள்வி: ஒரு நூல் பொருத்தமற்றது என்று பெற்றோருக்கு உண்மையாகவே தோன்றினால், முடிவெடுக்க வேண்டியவர் யார்?

பதில்: நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து சில நூல்களை அகற்றியதை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. ஒரு நூலில் உள்ள கருத்துகள் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பள்ளி நூலகத்திலிருந்து வாரியம் எடுத்துவிட முடியாது என்று முதன்மைத் தீர்ப்புரை கூறியது. அந்த உரையில் கையொப்பமிட்ட நீதிபதிகள் பெரும்பான்மை எண்ணிக்கையை எட்டவில்லை என்பதால், அதன் வலிமை குறித்து இன்றும் வாதம் நடக்கிறது. கல்விக்குப் பொருந்தாத நூலை நீக்கலாம் என்பதை அந்த உரையும் மறுக்கவில்லை.

எனவே முறைதான் முக்கியம். பெற்றோர் எழுத்துமூலம் புகார் தரட்டும். நூலகரும் ஆசிரியர்களும் பெற்றோரும் அடங்கிய குழு, குறிப்பிட்ட இரண்டு பக்கங்களின் நகலை வைத்து அல்லாமல், முழு நூலையும் படித்துப் பரிசீலிக்கட்டும். முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்கட்டும். கிராஃபிக் நாவல்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தனியே வெட்டியெடுத்த ஒரு கட்டத்தைக் கைபேசியில் சுற்றுக்கு விட்டால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள கதையை அறியாமலேயே ஓர் ஊர் முழுவதும் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. உங்கள் பகுதிப் பள்ளி வாரியத்தில் இத்தகைய விதி எழுத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், புகார் எதுவும் வராத இந்த நேரத்திலேயே அதைக் கேட்டுப் பெறுங்கள்.